குழந்தை கழுத்துல கட்டி, ஓட்டை: எங்க பொண்ணு ஆபரேஷன்ல நாங்க தெரிஞ்சுகிட்டது

குழந்தையோட கழுத்துல நட்டநடுவுல ஒரு கட்டி வந்து அது பழுத்து செவந்து நின்னா, பக்கத்துல இருக்குற கிளினிக்ல கூட்டிட்டுப் போய் கீறி விட்டுடாதீங்க, முதல்ல குழந்தைகள் சர்ஜன் ஒருத்தர்கிட்ட காட்டுங்க. எங்க பொண்ணுக்கு கீறி விட்டதுனால என்னென்ன ஆச்சுன்னு ஒவ்வொண்ணா சொல்றேன், இப்ப இதே கட்டியோட யாராவது ஒரு அம்மா ராத்திரி தூங்காம போனைத் தேய்ச்சுகிட்டு உக்காந்திருப்பீங்கன்னு தெரியும், உங்களுக்காகத்தான் எழுதுறேன். பொண்ணு இப்ப நல்லா இருக்கா, ஆபரேஷன் முடிஞ்சு யூகேஜி போறா, அதை முதல்லயே சொல்லிடுறேன்.

அவளுக்கு மூணு வயசு இருக்கும்போது சளி காய்ச்சல் வந்துச்சு, அது விட்டதும் தலைக்கு ஊத்தி விடும்போது தாடைக்குக் கீழ, குரல்வளைக்கு மேல, சுண்டைக்காய் அளவுக்கு ஒரு உருண்டை கையில தட்டுச்சு. வலி இல்ல, தொட்டா அழல, வழுக்கி வழுக்கி நகருச்சு. அப்பத்தா பாத்துட்டு சளிக்கு நெறி கட்டியிருக்கும், தானா போயிடும்னாங்க. பக்கத்து வீட்டு அக்கா பொன்னுக்கு வீங்கியா இருக்கும், கழுத்துல தங்கச் செயின் போட்டு விடுன்னாங்க. எங்க அம்மாவுக்கு சூட்டுக் கட்டின்னு சந்தேகம், மஞ்சளும் சுண்ணாம்பும் குழைச்சு பத்துப் போடலாம்னு கிளம்பிட்டாங்க, குழந்தைத் தோலு வெந்து போயிடும் வேண்டாம்மான்னு நான் நிறுத்திட்டேன். யாரையும் குறை சொல்லல, வீட்டுல பெரியவங்க பாத்த கட்டியெல்லாம் அந்த மாதிரிதான் இருந்திருக்கும். ஆனா ஒண்ணு கவனிங்க. நெறி கட்டுறது பெரும்பாலும் கழுத்தோட ரெண்டு பக்கவாட்டுல, காதுக்குக் கீழ, தாடை ஓரத்துல வரும். பொன்னுக்கு வீங்கி கன்னமும் காதடியும் சேர்ந்து வீங்கும். மூக்குக்கு நேர் கீழ கோடு போட்டா அந்தக் கோட்டுல ஒரு உருண்டை நின்னு, அது சளி பிடிக்கும்போது பெருசாகி அப்புறம் சின்னதாகி, ஆனா முழுசா மறையவே மறையாம இருந்துச்சுன்னா அது வேற கதை.

எங்களுக்கு அப்படித்தான் ஆச்சு. டாக்டர் ஆன்டிபயாடிக் சிரப் குடுத்தாரு, சுருங்குச்சு, அடுத்த சளிக்கு மறுபடி வந்துச்சு. அப்புறம் ஒரு தடவை காய்ச்சலோட கழுத்து செவந்து, தோலு பளபளன்னு மின்னிகிட்டு, குழந்தை முழுங்கவே அழுதா. எங்க ஊர்ல ஒரு கிளினிக்குக்குத்தான் தூக்கிட்டு ஓடினோம். ஸ்கேன் எதுவும் எடுக்காம, மயக்கமும் குடுக்காம, மரத்துப் போற ஊசி மட்டும் போட்டு கீறி சீழை எடுத்து கட்டுப் போட்டு அனுப்பிட்டாங்க. அவ கத்தின கத்தல் இப்பவும் காதுல இருக்கு. சீழ் போனதும் காய்ச்சல் விட்டுச்சு, சரியாயிடுச்சுன்னு நினைச்சோம். கீறின இடம் ஆறுன மாதிரி இருக்கும், மேல பொருக்கு கட்டும், ஒரு வாரம் கழிச்சு பாத்தா பொருக்கு விழுந்து உள்ளிருந்து பிசுபிசுன்னு ஒரு தண்ணி வரும். சட்டைக் காலர்ல தினமும் ஒரு மஞ்சக் கறை. அதாவது கட்டியா இருந்தது இப்ப ஓட்டையா மாறி புரையோடிப் போச்சு. மறுபடி போனா டிபி கட்டியா இருக்கலாம், மருந்து ஆரம்பிச்சுப் பாப்போம்னாங்க. நம்ம நாட்டுல கழுத்துக் கட்டின்னா டிபியை சந்தேகப்படுறது நியாயம்தான், ஆனா டெஸ்ட் எடுத்துப் பாத்துட்டு ஆரம்பிக்கிறது வேற, ஆரம்பிச்சுப் பாப்போம்ங்கிறது வேற. அந்த மாத்திரையெல்லாம் மாசக்கணக்குல சாப்பிடுறது, குழந்தைக்கு சும்மா குடுக்குற விஷயம் இல்ல. அங்கிருந்து ஃபைலை வாங்கிகிட்டு மதுரைக்குப் போனோம்.

மதுரையில பாத்தது குழந்தைகளுக்குன்னே இருக்குற சர்ஜன். அவரு கட்டியைத் தொடுறதுக்கு முன்னாடி பாப்பாகிட்ட நாக்கை நீட்டச் சொன்னாரு. அவ வெக்கப்பட்டா, அவரே நாக்கை நீட்டிக் காட்டினதும் இவளும் சிரிச்சுகிட்டே நீட்டினா. அப்ப பாத்தேன், அந்த ஓட்டையும் அதைச் சுத்தி தடிச்சிருந்த இடமும் தோலோட சேர்ந்து சட்டுனு மேல ஏறி உள்ள இழுத்துச்சு, நாக்கை உள்ள போட்டதும் கீழ இறங்குச்சு. இவ்வளவு நாளும் அவ முழுங்கும்போது அது அசையுறதை நான் பாத்திருக்கேன், ஆனா நாக்குக்கும் கழுத்துக்கும் என்ன சம்பந்தம்னு யாருக்குத் தோணும்? எச்சில் முழுங்கச் சொன்னாரு, அதுக்கும் ஏறி இறங்குச்சு. இது தைரோகுளோசல் சிஸ்ட், அதாவது ஒரு வகை நீர்க்கட்டி, பிறவியிலேயே இருக்குறது, கீறினதுனால ஃபிஸ்டுலா, அதாவது உள்ளிருந்து தோல் வரைக்கும் கசியுற ஓட்டை வழி, ஆயிருக்குன்னாரு.

அவரு ஒரு பேப்பர்ல படம் போட்டே விளக்கினாரு, எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன். தைராய்டு சுரப்பி கழுத்துல அடியில இருக்குல்ல, அது உருவாகுறது அங்க இல்லையாம், நாக்கோட அடிவேர்லயாம். கரு உண்டாகி நாலாவது வாரத்துல நாக்கடியில ஆரம்பிச்சு, அங்கிருந்து கழுத்து நடுவாக கீழ இறங்கி ஏழாவது வாரம் வாக்குல இப்ப இருக்குற இடத்துக்கு வந்து சேருது. வந்த வழியில ஒரு மெல்லிசு குழாய் இருக்கும், அது பத்தாவது வாரத்துக்குள்ள தானா மூடி மறைஞ்சு போகணும். சில குழந்தைங்களுக்கு அதுல ஒரு துண்டு மூடாம நின்னுடும், அதுல நீர் சேர்ந்தா கட்டி, வாயில இருக்குற கிருமி அதுக்குள்ள போனா சீழ். மேல் முனை நாக்குல பிடிச்சிருக்கிறதுனாலதான் நாக்கை நீட்டினா இழுக்குது.

இதை ஏன் இவ்வளவு விளக்கமா சொல்றேன்னா, எங்க சொந்தத்துல ஒரு பெரியம்மா, மாசமா இருக்கும்போது கிரகணத்தன்னிக்கு நீ வெளிய வந்திருப்ப, அதான் புள்ள கழுத்துல ஓட்டைன்னு எல்லார் முன்னாடியும் கேட்டாங்க. அந்த ராத்திரி நான் சாப்பிடல. கழுத்துல ஓட்டையோட, உதடு பிளந்து, காதுல குழியோட குழந்தை பெத்த எத்தனை அம்மாக்கள் இந்தப் பேச்சைக் கேட்டிருப்பாங்க. நாலாவது வாரம்ங்கிறது, நாள் தள்ளிப் போயிருக்கேன்னு நம்ம டெஸ்ட் பண்ணிப் பாக்குற சமயம், அவ்வளவுதான். நீங்க சாப்பிட்டது, நடந்தது, கத்தி பிடிச்சது, கிரகணம் எதுக்கும் இதுல பங்கு இல்ல. யாராவது கேட்டா நேராவே இதைச் சொல்லுங்க.

ஆபரேஷனுக்கு முன்னாடி கழுத்து ஸ்கேன் எடுக்கச் சொன்னாரு, வயித்துக்கு எடுக்குற அதே அல்ட்ராசவுண்டுதான், ஊசி இல்ல, வலி இல்ல, அந்த ஜெல்லு சில்லுனு இருக்குறதுக்கு மட்டும் கொஞ்சம் சிணுங்கினா. அதுல கட்டியைப் பாக்குறதை விட முக்கியமா ஒண்ணு பாக்குறாங்க: தைராய்டு சுரப்பி அதோட இடத்துல தனியா இருக்கான்னு. ஏன்னா ரொம்ப சில குழந்தைங்களுக்கு தைராய்டு கீழ இறங்காமலே பாதி வழியில நின்னு, அதுவே கழுத்து நடுவுல கட்டியாத் தெரியுமாம். அதைத் தெரியாம கட்டின்னு எடுத்துட்டா குழந்தைக்கு தைராய்டே இல்லாமப் போயி வாழ்நாள் பூரா மாத்திரைதான். இதுக்காகவே இந்த ஸ்கேன் எடுக்காம யாராவது ஆபரேஷன் தேதி குடுத்தா ஒரு தடவை கேளுங்க, தைரியமா கேளுங்க. கூடவே தைராய்டு சரியா வேலை செய்யுதான்னு பாக்குற டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனையும் எங்களுக்குப் பண்ணாங்க.

அடுத்து ஆபரேஷன். இங்கதான் நிறைய பேரு பயந்து பின்வாங்குறாங்க, எங்க வீட்டுக்காரரும் பயந்துட்டாரு, ஏன்னா டாக்டர் எலும்புல ஒரு துண்டு எடுக்கணும்னு சொன்னாரு. நாக்குக்குக் கீழ, தொண்டைக்கு மேல லாட வடிவத்துல ஹையாய்டுன்னு ஒரு எலும்பு இருக்கு, உடம்புல வேற எந்த எலும்போடயும் சேராம தசையில தொங்கிகிட்டு நிக்கிற எலும்பு. அந்தப் பழைய குழாய் இந்த எலும்பை ஒட்டி, சில சமயம் அதைத் துளைச்சுகிட்டேகூட போகுமாம். கட்டியை மட்டும் எடுத்துட்டு வழியை விட்டுட்டா மறுபடி முளைக்கும், அருகம்புல்லை மேல மட்டும் அறுத்த கணக்குதான். அதனால கட்டி, வழி, எலும்போட நடுத்துண்டு, அதுக்கு மேல நாக்கடி வரைக்கும் கொஞ்சம் சதை, எல்லாத்தையும் ஒரே தொடர்ச்சியா எடுக்கணும். சிஸ்ட்ரங்க்னு ஒரு அமெரிக்க சர்ஜன் 1920ல எழுதி வச்ச முறை, நூறு வருஷம் தாண்டியும் இன்னிக்கும் அதே பேர்ல அதையேதான் பண்றாங்க. கட்டியை மட்டும் எடுத்தா கிட்டத்தட்ட பாதிப் பேருக்குத் திரும்ப வந்துடுது, இந்த முறையில பண்ணா நூத்துல பத்துக்கும் கீழதான்னு டாக்டர் சொன்னாரு. எலும்பை எடுத்தா பேச்சு வருமா, முழுங்க முடியுமான்னு எங்க வீட்டுக்காரரு கேட்டுட்டே இருந்தாரு. நடுவுல ஒரு சின்னத் துண்டுதான் எடுக்குறாங்க, மிச்ச ரெண்டு பக்கமும் தசை பிடிச்சுக்கும், பேச்சுக்கும் சாப்பாட்டுக்கும் ஒண்ணும் ஆகாது. எங்க பொண்ணு வாயை மூடுறதே இல்ல இப்ப.

ஆனா உடனே தேதி குடுக்கல. ஓட்டைல கசிவு இருந்துச்சு, சுத்தி செவப்பு இருந்துச்சு, அது முழுசா அடங்கி ஒரு மாசத்துக்கு மேல ஆகட்டும்னாரு. சீழோட இருக்கும்போது உள்ள எல்லாம் ஒட்டிகிட்டு எது வழி எது சதைன்னு பிரிக்க முடியாதாம், அப்ப பண்ணா மிச்சம் விட்டுப் போற வாய்ப்பு அதிகம். பழுத்த கட்டிக்கு முதல்ல ஆன்டிபயாடிக், ரொம்ப இறுக்கமா இருந்தா ஊசியால உறிஞ்சி எடுக்கலாம், கீறுறது கடைசிக் கட்டம்தான். ஆனா ஒண்ணு, குழந்தைக்கு மூச்சு திணறுது, எச்சில்கூட முழுங்க முடியாம வழியுது, கழுத்தைத் திருப்ப முடியாம காய்ச்சல் ஏறிகிட்டே போகுதுன்னா இதெல்லாம் யோசிச்சுகிட்டு இருக்காதீங்க, நேரா பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சி, அங்க கீறித்தான் ஆகணும்னு சொன்னா அதுதான் சரி.

தேதி வந்ததும் குழந்தைக்கு சளி பிடிக்காமப் பாத்துக்குறதே பெரிய வேலை. சளி இருமல் இருந்தா மயக்க டாக்டர் தள்ளி வச்சிடுவாங்க, எங்களுக்கும் ஒரு தடவை தள்ளிப் போச்சு, பெட்டியோட போயி பெட்டியோட திரும்பினோம். கோவம்தான் வரும், ஆனா அவங்க சொல்றது சரி. ஆபரேஷனுக்கு முன்னாடி சாப்பாடு ஆறு மணி நேரம் நிறுத்தணும், தாய்ப்பால் நாலு மணி நேரம், வெறும் தண்ணி ரெண்டு மணி நேரம் முன்ன வரைக்கும் குடுக்கலாம், உங்க டாக்டர்கிட்ட நேரத்தைக் கேட்டு பேப்பர்ல எழுதி வாங்கிக்கோங்க. பாவம் பசிக்குதேன்னு பாட்டிங்க ஒரு பிஸ்கட் குடுத்துடுவாங்க, அது மயக்கத்துல வாந்தியாகி நுரையீரலுக்குள்ள போனா உயிருக்கே ஆபத்து. நான் எங்க அம்மா கையில இருந்த பையை வாங்கி கார்லயே வச்சிட்டு வந்துட்டேன்.

தியேட்டர் முடிஞ்சு டாக்டர் வெளிய வந்து ஒரு பாட்டில்ல எடுத்ததைக் காட்டினாரு. சுருங்கின தோல்பை மாதிரி கட்டி, அதுலேந்து மேல போற வெள்ளையா ஒரு இழை, அந்த இழை நடுவுல விரல் நகம் அளவுக்கு ஒரு எலும்புத் துண்டு. இதை பயாப்ஸிக்கு அனுப்புறேன்னதும் எங்க வீட்டுக்காரருக்கு முகமே மாறிடுச்சு. பயாப்ஸின்னாலே கேன்சர்னு நமக்கு மனசுல பதிஞ்சிருக்கு. எந்தக் கட்டியை எடுத்தாலும் அனுப்பிப் பாக்குறது வழக்கம், குழந்தைங்களுக்கு இந்தக் கட்டியில கேன்சர் இருக்குறது அபூர்வத்துலயும் அபூர்வம். ரிப்போர்ட்ல தைரோகுளோசல் சிஸ்ட்டுதான்னு உறுதியாச்சு.

முதல் ராத்திரி கழுத்துல ஒரு மெல்லிசு ரப்பர் டிரெயின் வச்சிருந்தாங்க, உள்ள சேருற ரத்தத் தண்ணி வெளிய வர்றதுக்கு, அதை அவ கை வச்சு இழுத்துடாமப் பாக்க நானும் அவரும் மாத்தி மாத்தி முழிச்சோம். கழுத்து வேகமா வீங்குனாலோ மூச்சுல சத்தம் மாறுனாலோ உடனே கூப்பிடணும்னு நர்ஸ் சொல்லிட்டுப் போனாங்க, உள்ள ரத்தம் கட்டினா மூச்சுக்குழாயை அமுக்கிடுமாம், விடியட்டும்னு காத்திருக்கக் கூடாது. அப்படி எதுவும் ஆகல. முழுங்க ரெண்டு மூணு நாள் வலி இருந்துச்சு, ஆற வச்ச பால், குழைஞ்ச ரசம் சாதம், தயிர்ல ஊற வச்ச இட்லி, இப்படித்தான் ஓட்டினோம். காரமும் முறுக்கும் கேட்டு அழுதா, குடுக்கல.

பக்கத்துக் கட்டில்ல ஒரு பையன், அவனுக்கு வேற வகை. காரை எலும்புக்குக் கொஞ்சம் மேல, கழுத்தோட வலது பக்கத்துல, ஊசி குத்துன அளவுக்கு ஒரு ஓட்டை. பொறந்ததுலேந்து இருந்திருக்கு, எச்சில் மாதிரி வழவழன்னு ஒரு சொட்டு வரும், பால் குடிச்சு வழிஞ்சதுன்னு ரொம்ப நாள் துடைச்சு விட்டிருக்காங்க. அதுக்குப் பேரு பிராங்கியல் ஃபிஸ்டுலா. கழுத்து உருவாகும்போது மீனோட செவுள் இருக்குற இடத்துல வர்ற மாதிரி மடிப்புகள் வருமாம், அது சரியா மூடாம நின்னா இப்படி, அதுல ரெண்டாவது மடிப்புலேந்து வர்றதுதான் ரொம்ப அதிகம். வெளிய பாத்தா ஊசி ஓட்டை, உள்ள அது மூளைக்குப் போற ரத்தக் குழாய் ரெண்டாப் பிரியுற கவட்டை வழியா ஏறி டான்சில் வரைக்கும் போகுதாம். அதான் சின்ன ஓட்டைதானேன்னு தையல் போட்டு அடைக்கிற வேலை இல்ல. அவனுக்கு கழுத்துல ரெண்டு இடத்துல, கீழ ஒண்ணும் மேல ஒண்ணும், சின்னச் சின்னதா கீறி அந்த வழியை முழுசா உருவி எடுத்தாங்க, ஒரே நீளமான தழும்பு வேண்டாம்னு.

அவங்க அம்மா சொன்ன ஒரு விஷயம் எனக்கு மறக்கல. டாக்டர் கேட்டதும்தான் பையனோட அப்பா தன் சட்டைப் பட்டனைக் கழட்டி தன் கழுத்தைக் காட்டினாராம், அதே இடத்துல அவருக்கும் ஒரு ஓட்டை. சின்ன வயசுலேந்து துண்டால ஒத்தி ஒத்தி எடுத்துகிட்டு இருந்திருக்காரு, கட்டிகிட்டு வந்த மனைவிகிட்டகூட சொன்னதில்ல. இது சில குடும்பத்துல தொடர்ந்து வரும், கூடவே காதுக்கு முன்னாடி குழி, காது கேக்குறதுல குறை, கிட்னியில குறைபாடு சேர்ந்து வர்ற ஒரு வகையும் இருக்கு, அதனால அவனுக்கு காது டெஸ்ட்டும் கிட்னி ஸ்கேனும் எடுத்தாங்க. உங்க பிள்ளைக்கு கழுத்து ஓட்டையோட காதுகிட்ட குழியும் இருந்துச்சுன்னா, இல்ல கழுத்துல ரெண்டு பக்கமும் ஓட்டை இருந்துச்சுன்னா, இந்த ரெண்டு டெஸ்ட்டையும் நீங்களே கேட்டு எடுத்துடுங்க. காது கொஞ்சமா கேக்காத குழந்தையை கவனமில்லாத பிள்ளைன்னு ஸ்கூல்ல அடிப்பாங்க, அதை நினைச்சாத்தான் மனசு கேக்கல.

இன்னும் சில வகை இருக்கு. இடது பக்கம் மட்டும், தைராய்டுகிட்ட திரும்பத் திரும்ப சீழ் கட்டுனா தொண்டையில உள்ளிருந்து வர்ற ஒரு வழி இருக்கலாம், அதுக்கு எக்ஸ்ரேல தெரியுற பேரியம்ங்கிற மருந்தைக் குடிக்க வச்சு எக்ஸ்ரே எடுப்பாங்க. பொறந்த குழந்தைக்கு கழுத்துப் பக்கவாட்டுல மெத்துன்னு பெருசா வீங்கி, டார்ச் அடிச்சா வெளிச்சம் ஊடுருவுனா அது நிணநீர்க் கட்டியா இருக்கும், அதுக்கு நிறைய பேருக்கு ஊசி மருந்திலேயே சுருங்குது. எல்லாத்துக்கும் பாக்க வேண்டியது குழந்தைகள் சர்ஜன் இல்லன்னா குழந்தைங்க கழுத்து ஆபரேஷன்ல பழக்கமான இஎன்டி டாக்டர்தான்.

செலவு. எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி, மதுரை பெரியாஸ்பத்திரி மாதிரி அரசு இடங்கள்ல குழந்தைகள் அறுவை சிகிச்சைக்குன்னு தனிப் பிரிவே இருக்கு, அங்க போறதுல ஒரு குறையும் இல்ல. வருஷ வருமானம் 1,20,000க்குள்ள இருக்குறவங்க முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை வாங்கலாம், விஏஓகிட்ட வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துகிட்டு கலெக்டர் ஆபீஸ்ல இருக்குற கவுண்டருக்குப் போகணும். ஆஸ்பத்திரிக்கு அட்மிட் ஆகப் போற நாள்ல ஓடாதீங்க, இப்பவே எடுத்து வச்சிடுங்க, எங்க வார்டுலயே அதுக்காக தேதி தள்ளிப் போன குடும்பம் இருந்துச்சு.

பொம்பளப் பிள்ள கழுத்துல தழும்பு வந்துடுமே, வயசுக்கு வந்து பண்ணிக்கலாமேன்னு நிறைய பேரு சொன்னாங்க. தள்ளிப் போடக் கூடாது, எனக்கு இதுல சந்தேகமே இல்ல. தள்ளிப் போடுற ஒவ்வொரு வருஷமும் ஒரு சீழ் வந்தா உள்ள ஒட்டிகிட்டு ஆபரேஷன் கஷ்டமாகும், தழும்பும் பெருசாகும். சீழ் வராத கட்டியில கழுத்து மடிப்போட போற ஒரு கோடுதான் விழும். எங்க பொண்ணுக்கு முன்னாடி கீறின ஓட்டையையும் சேர்த்து வெட்ட வேண்டி வந்ததுனால கொஞ்சம் நீளம்தான், ஆனாலும் இப்ப வெளுத்து தட்டையாயிடுச்சு.

கடைசியா, டிஸ்சார்ஜ் ஆகும்போது சம்மரியில என்ன எழுதியிருக்காங்கன்னு அங்கேயே நின்னு படிங்க. கட்டியை மட்டும் எடுத்தாங்களா, இல்ல ஹையாய்டு எலும்போட நடுப்பகுதியும் எடுத்தாங்களான்னு அதுல தெளிவா இருக்கணும், இல்லன்னா எழுதித் தரச் சொல்லி வாங்குங்க. திரும்ப வர்றதா இருந்தா பெரும்பாலும் முதல் ஒண்ணு ரெண்டு வருஷத்துக்குள்ள வந்துடும்னாரு, அப்ப வேற ஊர்ல வேற டாக்டர் பாத்தாக்கூட அந்த ஒரு வரியை வச்சுத்தான் அடுத்து என்ன பண்றதுன்னு முடிவு பண்ணுவாங்க. பயாப்ஸி ரிப்போர்ட், ஸ்கேன், சம்மரி மூணையும் போட்டோ எடுத்து போன்லயும் வச்சுக்கோங்க.